நேரு பூங்காவிலிருந்து திருமங்கலம் வரை: மெட்ரோ ரயிலுக்கு மேலே நடக்க விரும்பும் புதியவர்களுக்கு

சென்னைக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆனவரிடம் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் நிலையங்களின் பெயரைத்தான் சொல்வார். திருமங்கலத்தில் ஏறுகிறேன், சென்ட்ரலில் இறங்குகிறேன் என்பார். நடுவில் என்ன இருக்கிறது என்றால் இருட்டு, விளம்பரத் திரை, அடுத்த நிலையம் எதுவென்று சொல்லும் பெண் குரல். நானும் அப்படித்தான் இருந்தேன். வீடு தேடும் கட்டாயம் வந்த பிறகுதான் மேலே ஏறி நடந்தேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நடந்தால்தான் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தத் தெருவில் நிழல் இருக்கும், எந்தக் கதவில் வாடகைப் பலகை தொங்கும் என்பது தெரிகிறது. தரகருக்கு ஒரு மாத வாடகையைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளும் விஷயங்களில் பாதி, காலணி தேய நடந்தால் இலவசமாகக் கிடைத்துவிடும்.

தொடக்கக்காரருக்கு நான் சொல்லும் வழி நேரு பூங்கா நிலையத்திலிருந்து திருமங்கலம் நிலையம் வரையிலானது. சென்னையில் பூமிக்கடியில் முதன்முதலாக மெட்ரோ ரயில் ஓடிய பாதை இதுதான். 2017 மே 14 அன்று இந்த ஏழு நிலையங்களும் திறக்கப்பட்டன: நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம், பச்சையப்பன் கல்லூரி, ஷெனாய் நகர், அண்ணா நகர் கிழக்கு, அண்ணா நகர் டவர், திருமங்கலம். தண்டவாளக் கணக்கில் ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தெருக்களுக்குள் புகுந்து வளைந்து நடந்தால் பத்து கிலோமீட்டருக்குத் தயாராக இருங்கள். டீ, இட்லி, உட்காருதல், வழி தவறுதல் எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஆகும்.

"சப்வே" என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வேறு ஊர்களில் சப்வே என்றால் பாதாள ரயில். சென்னையில் சப்வே என்றால் ரயில் பாதைக்கு அடியில் வாகனங்கள் போகும் சாலை, அல்லது பாதசாரிகள் சாலையைக் கடக்கும் சுரங்கம். கெங்கு ரெட்டி சப்வே, துரைசாமி சப்வே என்று ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு சப்வே மனப்பாடம், ஏனென்றால் மழை பெய்தால் முதலில் மூழ்குவது அவைதான். "சப்வே எங்கே?" என்று கேட்டு, மெட்ரோவுக்குப் பதிலாகப் பேருந்துகள் தேங்கி நிற்கும் பள்ளத்தில் போய் நின்றவர்கள் உண்டு. "மெட்ரோ ஸ்டேஷன்" என்றே கேளுங்கள்.

படி 1: திசையைத் தேர்ந்தெடுங்கள்

இதைச் சொல்லாத வழிகாட்டிகள்தான் அதிகம். நேரு பூங்கா கிழக்கே இருக்கிறது, திருமங்கலம் மேற்கே. காலையில் திருமங்கலத்திலிருந்து கிளம்பினால் இரண்டு மணி நேரம் சூரியன் கண்ணுக்கு நேராக நிற்கும். முதல் முறை நான் அப்படித்தான் நடந்தேன். கையை நெற்றியில் வைத்துக்கொண்டே நடந்ததில் ஒரு தெருப் பலகையும் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. ஆகவே காலை நடை நேரு பூங்காவில் தொடங்கட்டும், வெயில் முதுகில் விழட்டும். மாலை நடை என்றால் திருமங்கலத்தில் தொடங்குங்கள்.

இந்தத் திசையில் நடப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஊர் எப்படி வளர்ந்ததோ அந்த வரிசையில் வரும். ஆங்கிலேயர் காலத்துத் தோட்ட வீடுகள் இருந்த கீழ்ப்பாக்கம் முதலில், திட்டமிட்டு அமைத்த ஷெனாய் நகர் அடுத்து, வீட்டு வசதி வாரியம் கோடு போட்டு வரைந்த அண்ணா நகர் கடைசியில்.

படி 2: நாளும் நேரமும்

ஜனவரியும் பிப்ரவரியும் உத்தமம். டிசம்பரில் மழை விட்ட நாட்களும் பரவாயில்லை. மே மாதத்தில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், இந்த நடையை முயல வேண்டாம். வீரம் காட்ட வேறு இடங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்குவது என் பழக்கம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில்தான் உங்கள் காலடி ஓசை உங்களுக்கே கேட்கும். மெட்ரோ காலை 5 மணிக்கெல்லாம் ஓடத் தொடங்கிவிடும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் விடியும் நேரத்துக்கு நேரு பூங்காவில் இறங்கிவிடலாம்.

படி 3: கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி, பத்து ரூபாய், இருபது ரூபாய்ச் சில்லறை. பெரும்பாலான கடைகளில் கைப்பேசியில் பணம் வாங்கிக்கொள்கிறார்கள் என்றாலும், காலை முதல் வியாபாரத்தில் ரொக்கம் கொடுத்தால் முகம் மலர்வதைப் பார்க்கலாம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். நடைபாதையில் மழைநீர் வடிகாலின் மூடிகள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றாவது ஆடும். ஆடும் மூடியின் ஓரத்தில் செருப்பு சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது கட்டைவிரல் சாட்சி.

வரைபடச் செயலியில் இந்தப் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குள் இருக்கும்போது உங்கள் நீலப் புள்ளி எங்காவது அலைந்துகொண்டிருக்கும். வெளியே வந்த பிறகும் ஒரு நிமிடம் தடுமாறும். அந்த ஒரு நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டு நடந்தால் எதிர்த்திசையில் போய்விடுவீர்கள். நிலைய வாசல்களுக்கு எழுத்தும் எண்ணும் போட்டிருப்பார்கள். எந்த வாசலில் வெளியேறினீர்கள் என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பயணக் கட்டணம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் 50 ரூபாய். பாதியில் கால் ஓய்ந்துவிட்டால் அருகிலுள்ள நிலையத்தில் இறங்கி ஏறிக்கொள்ளலாம் என்பதுதான் இந்த வழியின் பெரிய வசதி. நடக்கத் தெரியாதவர்கூட இதில் தோற்க முடியாது.

படி 4: ஊர்ப் பெயர்களை இரண்டாகப் படியுங்கள்

நடக்கத் தொடங்கும் முன் இதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் பலகைகள் உங்களைக் கேலி செய்யும். எழும்பூரும் எக்மோரும் ஒன்று. கீழ்ப்பாக்கமும் கில்பாக்கும் ஒன்று. சேத்துப்பட்டும் செட்பெட்டும் ஒன்று. அமைந்தகரை என்று தமிழில் எழுதியிருக்கும் இடத்தை ஆங்கிலப் பலகையில் அமிஞ்சிக்கரை என்று படிப்பீர்கள், அதுவும் ஒன்றுதான். பூந்தமல்லி நெடுஞ்சாலை, பெரியார் நெடுஞ்சாலை, பி.எச். ரோடு மூன்றும் ஒரே சாலை. ஆட்டோ ஓட்டுநர் மூன்றாவதைச் சொல்வார், அரசுப் பலகை இரண்டாவதை, வயதானவர்கள் முதலாவதை.

போதாக்குறைக்கு இல்லாத இடங்களின் பெயரிலும் வழி சொல்வார்கள். நேரு பூங்கா அருகில் யாரைக் கேட்டாலும் "தாசப்பிரகாஷ்" என்பார்கள். அந்தப் பெயரில் இருந்த புகழ்பெற்ற ஓட்டலை இடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. கட்டடம் போய்விட்டது, பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது. எனவே ஒருவர் சொல்லும் அடையாளத்தைக் கண்ணால் தேடாதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போங்கள்.

படி 5: நேரு பூங்காவிலிருந்து கீழ்ப்பாக்கம்

நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் மேற்கு நோக்கி நில்லுங்கள். இனி ஷெனாய் நகர் வரும்வரை ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: பூந்தமல்லி நெடுஞ்சாலை எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரமாகவே நடக்கச் சொல்லவில்லை. அதற்கு வடக்கே உள்ள குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைந்துவிடுங்கள். வழி தவறியதாகத் தோன்றினால் இடப்பக்கம் திரும்பி நடந்துகொண்டே இருங்கள், ஹாரன் சத்தம் கேட்கும். கேட்டதும் மறுபடி உள்ளே போய்விடுங்கள். எந்த வரைபடமும் இவ்வளவு நம்பகமானதல்ல.

வடக்கே பிளவர்ஸ் சாலை, ஆர்ம்ஸ் சாலை, டெய்லர்ஸ் சாலை, லாண்டன்ஸ் சாலை என்று பெயர்கள் வரும். வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் பரந்து கிடந்த காலத்தின் மிச்சம் இவை. தோட்டம் எதுவும் இன்று இல்லை. ஆனால் மதில் சுவர்களைப் பாருங்கள். ஒரு பெரிய வளாகத்தை அண்ணன் தம்பிகளோ வாரிசுகளோ பிரித்துக்கொண்டு அடுக்குமாடி கட்டிய இடங்களில், பழைய மதில் ஒரே நீளமாக ஓடும், கதவுகள் மட்டும் நான்கைந்தாக இருக்கும். சுவருக்கு உள்ளே ஒரு பழைய மாமரம் நின்றால், வீடு கட்டியவர் அதை வெட்ட மனமில்லாமல் படிக்கட்டை வளைத்திருப்பார். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் முன் நான் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். காவலாளி வந்து "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

மரத்தைப் பார்க்கலாம், படம் எடுக்க வேண்டாம். கதவுக்குள் கேமராவை நீட்டுவது எந்த ஊரிலும் வம்பு. கோலம் போடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பது அதைவிடப் பெரிய வம்பு.

கதவு எண்களில் இரண்டு இருக்கும்: "பழைய எண் 14, புதிய எண் 31" என்பதுபோல. மாநகராட்சி எண்களை மாற்றியும் மக்கள் பழையதை விடவில்லை. முகவரி தேடுகிறவர் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கினால் 31 என்ற பழைய எண்ணின் வாசலில் போய் நின்று, அந்த வீட்டு நாயிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டதும் சிரிக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் பலருக்கு உண்டு. 1794இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனையின் இன்றைய வளாகம் இந்தப் பக்கத்தில் இருப்பதால் வந்த நகைச்சுவை அது. இங்கே குடியிருப்பவர்கள் ஆயிரம் முறை கேட்டுச் சலித்துவிட்டார்கள். அவர்களிடம் நீங்கள் ஆயிரத்து ஒன்றாவது முறையாகச் சொல்லாதீர்கள்.

நேரம் இருந்தால் நியூ ஆவடி சாலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1914இலிருந்து, செங்குன்றம் ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்பிய இடம். உள்ளே விடமாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் போதும். காலை ஆறரைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களில் குடத்தோடு அடி பம்பு முன் நிற்கிறவர்களையும் பார்ப்பீர்கள். நகரத்துக்கே தண்ணீர் அனுப்பிய ஊரில் குடத்தோடு வரிசை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

படி 6: பச்சையப்பன் கல்லூரிப் பகுதி

இந்தத் துண்டைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நெடுஞ்சாலையை ஒட்டி மருத்துவமனைகள், கடைகள், வண்டிகள். சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா திறந்திருந்தால் அரை மணி நேரம் உட்காரலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள். ஒரு தகவல் மட்டும் மனத்தில் இருக்கட்டும். அண்ணா படித்தது பச்சையப்பன் கல்லூரியில்தான், அன்று அது வேறு இடத்தில் இருந்தது. அந்தக் கல்லூரியின் பெயர் கொண்ட நிலையத்திலிருந்துதான் அவர் பெயர் கொண்ட நகருக்கு நீங்கள் போகிறீர்கள்.

நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டி வந்தால் வாகனங்களுக்குக் கையைக் காட்டி ஓடாதீர்கள். சாலையின் இரு பக்கமும் வாசல் உள்ள மெட்ரோ நிலையத்தில் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறுங்கள். டிக்கெட் வாயிலைத் தாண்டாதவரை கட்டணம் இல்லை. குளிர்ந்த காற்றும் கிடைக்கும். கழிப்பறை எந்தப் பக்கம் என்று அங்குள்ள காவலரிடம் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: அமைந்தகரை, ஷெனாய் நகர்

ஞாயிறு காலை அமைந்தகரையில் கறிக்கடை வரிசையும், பூக்கடை வரிசையும், மருந்துக்கடை வரிசையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். காலைச் சாப்பாட்டுக்கு இதுதான் சரியான இடம். கையேந்தி பவனாக இருந்தால் ஒரு சோதனை: சாம்பார் வாளியிலிருந்து ஆவி வருகிறதா, தட்டில் புதிய வாழை இலைத் துண்டோ தாளோ போடுகிறார்களா, ஆட்டோ ஓட்டுநர்கள் நின்று சாப்பிடுகிறார்களா. மூன்றுக்கும் ஆம் என்றால் தைரியமாகக் கையை நீட்டுங்கள்.

பிறகு ஷெனாய் நகருக்குள் நுழையுங்கள். மாநகராட்சி ஆணையராக இருந்த ஜே.பி.எல். ஷெனாயின் பெயரில் அமைந்த குடியிருப்பு இது. எனக்கு இந்த வழி முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி. தெருக்கள் அளவாக அகலமானவை. எதிர்வீட்டுக்காரரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அகலம். வீடுகளின் வெளித் திண்ணைகள் பெரும்பாலும் போய்விட்டன, ஆனாலும் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். கிரசண்ட் சாலை பெயருக்கேற்றபடி வளைந்து போகும். நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திசை மாறியிருப்பீர்கள். இடக்கை விதி இங்கே உடையும் என்று முன்பே சொல்லி வைக்கிறேன்.

வளைந்து சுற்றி எப்படியும் திரு.வி.க. பூங்காவுக்கு வந்துவிடுவீர்கள். ஷெனாய் நகர் நிலையம் இந்தப் பூங்காவுக்கு அடியில்தான் இருக்கிறது. கட்டுமானத்துக்காகப் பூங்காவை மூடி, மரங்களை வெட்டி, ஆண்டுக் கணக்கில் தகரத் தடுப்பு வைத்திருந்ததை இந்தப் பகுதிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் "முன்பு இங்கே என்ன மரங்கள் இருந்தன, ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் ஒருவர் ஒவ்வொரு மரத்தையும் அது நின்ற இடத்தோடு சொன்னார். தூங்குமூஞ்சி மரம் இங்கே, புங்கை அங்கே என்று காற்றில் கை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய ஒரு இடத்தில் இப்போது நிலையத்தின் காற்றுப் போக்கி இருக்கிறது.

வீடு தேடுகிறவர்கள் இங்கே கண்ணைத் திறந்துவையுங்கள். வாடகைப் பலகை கதவில் தொங்கினால் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால் தரையைப் பாருங்கள். தெருவைவிட ஒரு அடி உயரத்தில் புதிதாகக் கட்டிய வாசற்படி, கேட்டின் அடியில் பொருத்திய இரும்புத் தகடு, சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கலான கறை: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தெருவில் தண்ணீர் வந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டால் "வரவே வராது" என்பார். எதிரே உள்ள மளிகைக் கடையில், "2015 டிசம்பரில் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். வந்ததா என்று கேட்காதீர்கள், எதுவரை என்று கேளுங்கள். கடைக்காரர் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்.

படி 8: அண்ணா நகர், அல்லது "எந்த பிளாக்?"

அண்ணா நகரில் தெருக்கள் நேர்கோட்டில் ஓடும், பலகைகள் தெளிவாக இருக்கும், நடைபாதையும் உண்டு. ஆகவே வழி தவறமாட்டோம் என்று நினைப்பீர்கள். இந்த நடையில் அதிகம் பேர் வழி தவறுவது இங்கேதான்.

காரணம் எண்கள். 3வது அவென்யூ என்று ஒன்று இருக்கிறது. 3வது மெயின் ரோடு வேறு. 3வது தெரு வேறு, அதிலும் ஒன்றல்ல. பகுதி முழுவதும் பிளாக்குகளாகப் பிரிந்திருக்கிறது: ஏ.சி., ஏ.இ., டபிள்யூ, ஒய், இசட் என்று. ஒவ்வொரு பிளாக்கும் தன் தெருக்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு சனிக்கிழமை மதியம் வாடகை வீடு பார்க்க வரச் சொன்னார்கள். முகவரியில் 3வது தெரு என்பதைப் படித்தேன், பிளாக் எழுத்தை ஏதோ தேவையில்லாத சுருக்கம் என்று விட்டுவிட்டேன். சரியான கதவு எண், தவறான பிளாக். அழைப்பு மணியை அடித்தேன். கதவைத் திறந்த அம்மா, தன் மகளைப் பெண் பார்க்க யாரோ முன்கூட்டியே வந்துவிட்டதாக நினைத்து உள்ளே உட்காரச் சொல்லிவிட்டார். காபி வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்தது. காபி நன்றாக இருந்தது. வீடு வேறு யாருக்கோ போய்விட்டது.

அன்று என்னைக் கரை சேர்த்தவர் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர். கரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "எந்த பிளாக்?" என்று கேட்டார். சொன்னேன். சட்டைமேல் தண்ணீர் தெளித்தார், பெட்டியை வைத்தார், உஸ் என்று ஆவி எழுந்தது. "ரவுண்டானாவுக்குப் போய்ச் சோற்றுக்கைப் பக்கம்" என்றார். அவர் வண்டியின் அடித்தட்டில் போர்வையில் கட்டிய மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தாள், அதில் பிளாக் எழுத்தும் கதவு எண்ணும். அந்தப் பகுதியின் முழு முகவரிப் பட்டியலும் அவர் காலடியில் இருந்தது.

அன்றிலிருந்து வழி கேட்பதில் எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இஸ்திரி வண்டி. அடுத்து பால் பூத். அப்புறம் அடுக்குமாடிக் காவலாளி. வண்டியில் போகிறவரை நிறுத்திக் கேட்பது வீண், அவருக்கே வழி தெரியாமல்தான் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பார். "அண்ணா", "அக்கா", "ஐயா" என்று தொடங்குங்கள். "இந்தப் பக்கம்தானே?" என்று கேட்காதீர்கள், மனம் நோகாதிருக்க "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள். "எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். "இதோ, பக்கத்தில்தான்" என்ற பதில் வந்தால் ஒரு கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "கொஞ்ச தூரம்" என்றால் ஆட்டோ பிடியுங்கள்.

அண்ணா நகரில் உங்கள் கைப்பிடி 2வது அவென்யூ. கிழக்கு நிலையத்திலிருந்து டவர் நிலையத்தைக் கடந்து திருமங்கலம் வரை அதுதான் முதுகெலும்பு. கடைகள் வேண்டாம் என்றால் அதற்கு இணையாக உள்ளே ஓடும் தெருக்களில் நடங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் பல மரங்களைச் சாய்த்துவிட்டது, ஆனாலும் நிழல் இன்னும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இயல்வாகை பூத்தால் நிறுத்தியிருக்கும் கார்கள் எல்லாம் மஞ்சள் கூரை போட்டுக்கொள்ளும். அந்த மாதத்தில் நடக்க வேண்டாம் என்று சொன்ன நானே அதைப் பார்ப்பதற்காக ஒரு முறை நடந்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் இளநீர் கடையில் சரணடைந்தேன்.

தெரு நாய்களைப் பற்றிக் கேட்பீர்கள். உள்தெருக்களில் இருக்கும். காலையில் அவை தூங்கும், அந்நியர் ஓடினால் எழும். ஓடாதீர்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், கையை வீசாமல் அதே வேகத்தில் நடந்துவிடுங்கள். கூட்டமாக நின்று குரைத்தால் அடுத்த தெரு வழியாகப் போங்கள். இங்கே எல்லாத் தெருக்களும் இணையாகத்தான் ஓடுகின்றன. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

படி 9: கோபுரம், பிறகு திருமங்கலம்

டவர் பூங்காவை விட்டுவிடாதீர்கள். 1968இல் இங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அதற்காக எழுப்பிய கோபுரம்தான் நடுவில் நிற்கிறது, 135 அடி உயரம். அரசுப் பெயர் விசுவேசுவரய்யா கோபுரம், மக்களுக்கு வெறும் டவர். கண்காட்சி முடிந்த பிறகுதான் இந்த நகரே வளர்ந்தது. அதற்கு முன் இங்கே இருந்தது நடுவக்கரை என்ற கிராமம். அந்தப் பெயரை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோபுரம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2023இல் மறுபடி திறக்கப்பட்டது. உள்ளே படிக்கட்டைவிடச் சாய்தளம்தான் முக்கியம், திருகு போல் சுற்றிச் சுற்றி மேலே போகும். இவ்வளவு தூரம் நடந்த கால்களுக்கு அது கொஞ்சம் கொடுமை. முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள். கம்பித் தடுப்பு வழியாகத்தான் பார்க்க முடியும். கிழக்கே பாருங்கள். நீங்கள் நடந்து வந்த தெருக்களில் ஒன்றுகூடத் தெரியாது. மரத் தலைகளும், நீலத் தண்ணீர்த் தொட்டிகளும், மொட்டை மாடிக் கொடிகளில் காயும் துணிகளும்தான் தெரியும்.

கீழே இறங்கி ரவுண்டானா பக்கம் ஒரு காபி. பிறகு 2வது அவென்யூவில் மேற்கு நோக்கிக் கடைசித் துண்டு. இதில் அலங்காரம் இல்லை: துணிக்கடைகள், நகைக்கடைகள், வாகன இரைச்சல். திருமங்கலம் சந்திப்பில் பெரிய சாலைகள் கூடுவதால் சிக்னலில் பொறுமை வேண்டும். நிலைய வாசலைக் கண்டதும் நேராக இறங்கிவிடாதீர்கள். கல் திட்டோ படியோ எங்காவது உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலை ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். இல்லாவிட்டால் குளிரூட்டிய ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்ததும் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

நேரு பூங்காவுக்கே திரும்ப வேண்டும் என்றால் மூன்றரை மணி நேரம் நடந்ததை ரயில் கால் மணி நேரத்தில் முடித்துவிடும். சன்னலில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஷெனாய் நகர் என்று அறிவிப்பு வரும்போது, மேலே பெஞ்சில் அந்தப் பெரியவர் இன்னும் உட்கார்ந்திருப்பாரா என்று ஒரு கணம் கூரையைப் பார்ப்பீர்கள். நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.